கதை அல்ல

வேலந்தாவளம் சோதனைச் சாவடியில்
பேருந்தை நிறுத்தி
என் சாக்குப்பையைத் தட்டிப் பார்த்தார் காவலர்.
கோழித் தீவனமா?
புத்தகம், என்றேன்.
எந்தாணு, கதையா?
கதை அல்ல.
அப்புறம் எதற்கு என்பதுபோல் பார்த்துவிட்டுக்
கையசைத்தார்.

உக்கடத்தில் எடைக்கு வாங்கியவை.
கேரளத்து மண்ணில் தமிழ்வழி நான்காம் வகுப்பு,
பதினோரு பிள்ளைகள்.
அரசு அனுப்பும் நூலகப் பெட்டியில்
எங்கள் எழுத்து அடியில் கிடக்கும்,
இரண்டோ மூன்றோ.

சுவரோரம் இரண்டு அட்டைப்பெட்டி வைத்தேன்:
கதை. கதை அல்ல.
இரண்டாவதில் மண்புழு, எரிமலை, பல்,
கிணற்றைப் பற்றி முப்பத்திரண்டு பக்கம்,
ஒன்பது வாழ்க்கை வரலாறு.

கிணற்றுப் புத்தகம், பக்கம் பதினேழு:
ஐம்பது அடியில் நீர் கிடைக்கும்.
அபினேஷ் எழுந்தான். எழுந்தால் உட்காரமாட்டான்.
"பொய் டீச்சர். எங்க மாமன் தோட்டத்துல
தொள்ளாயிரத்தி இருவது.
தண்ணி வரல, பொகதான் வந்துச்சு.
அத்தை மூஞ்சியெல்லாம் வெள்ளை."

அவன் அப்பா போர் வண்டியில் குழாய் மாட்டுகிறவர்.
மறுநாள் ஏழு பொட்டலம் கொண்டுவந்தான்,
பழைய மருந்துச் சீட்டில் மடித்தவை:
செம்மண், சுக்கான், கறுப்பு,
சாம்பல், பிறகு சாம்பல், பிறகும் சாம்பல்,
கடைசியில் பல்பொடிபோல ஒரு வெண்மை.
எல்லாரும் முகர்ந்தோம். நஸ்ரின் தும்மினாள்.

புத்தகத்தில் எழுதக் கூடாது என்பது என் சட்டம்.
நானே பென்சிலைக் கொடுத்தேன்.
ஓரத்தில் எழுதினான்: இங்க இல்ல.
இங்கே என்று திருத்த வந்த சிவப்பு மையை
மூடி வைத்தேன்.

வாழ்க்கை வரலாறுகள் அவ்வளவு எளிதில் மசியவில்லை.
ஒன்பதும் ஏழைக் குடும்பத்தில் பிறந்தன.
ஒன்பதிலும் தெருவிளக்கு எரிந்தது.
சிறுவயதிலேயே, சிறுவயதிலேயே என்று
நான் வாசித்துக்கொண்டே போக
சிறுவயதில் இருந்த பதினோரு பேரும்
தரையைப் பார்த்தார்கள்.

எறும்புகளை ஆராய்ந்த ஓர் அம்மையார்.
ஆறாம் பக்கத்தில் ஒன்பது வயது, கையில் சர்க்கரை.
ஏழாம் பக்கத்தில் கண்ணாடி போட்டுக்
கப்பலேறிவிட்டார்.
நஸ்ரின் தாளைப் புரட்டினாள், திருப்பிப் புரட்டினாள்,
ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று நகத்தால் கீறினாள்.
"நடுவுல என்ன பண்ணாங்க டீச்சர்?"
தெரியாது. புத்தகம் சொல்லவில்லை.
"அப்ப நாங்க எழுதட்டா?"

எழுதினார்கள்.
அம்மையார் கணக்கில் தோற்றார்.
தம்பியைக் குளிப்பாட்டினார்.
மண்ணெண்ணெய் வாங்கப் போய் நின்றார்,
முன்னால் போனவரின் வாசனை பிடித்து
வரிசை நகர்ந்தது என்று ஹிமா எழுதினாள்.
நான் கைதட்டினேன்.
அபினேஷ் எழுந்துவிட்டான்.
"நீ பாத்தியா?
பாக்காம எழுதுனா அது அந்தப் பெட்டி."
ஹிமா அழுதாள்.
இரண்டு பெட்டிக்கும் நடுவே தரையில்
அந்தத் தாள் வெள்ளிவரை கிடந்தது.
பெருக்க வரும் வேலாத்தா
அதைச் சுற்றிப் பெருக்கினார்.

சனிக்கிழமை சித்தூர் போனேன்,
ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, எங்கள் சித்தூர்,
ஊதிய உயர்வு விஷயமாக.
எழுத்தர் என் பணிப்பதிவேட்டைத் திறந்தார்.
பிறந்த தேதி.
அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு.
சேர்ந்த நாள். மாறுதல். மாறுதல்.
ஊதியமில்லா விடுப்பு, பதினோரு மாதம் நான்கு நாள்.
அடுத்த வரியிலேயே
மீண்டும் பணியில் சேர்ந்திருந்தேன், முத்திரையோடு.
எல்லாம் உண்மை. சரிபார்க்கப்பட்டது.
என் நகம் தாளின் ஓரத்தைக் கீறுவதைப் பார்த்து
"எந்தா டீச்சரே, தெற்றுண்டோ?" என்றார்.
இல்லை என்று கையெழுத்திட்டேன்.

திங்களன்று வீட்டுப்பாடம்:
உயிரோடிருக்கும் ஒருவரைக் கேட்டு எழுதுங்கள்.
கேட்டு, என்று இரண்டு முறை சொன்னேன்.
அபினேஷ் தலையாட்டினான்.

நஸ்ரின் வீடுவரை காத்திருக்கவில்லை.
நோட்டோடு என் மேசைக்கு வந்தாள்.
"உங்களத்தான் எழுதப் போறேன்.
பொறந்தீங்க. டீச்சரானீங்க.
நடுவுல?"

மணியடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.
பென்சிலைச்
சீவிக்கொண்டுதான் வந்திருந்தாள்.